வெள்ளைக் கோட்டில் எண்ணெய்

சின்ன வயதில் அடிமையாகப் பிடிபட்டுக் கப்பலேற்றப்பட்ட ஃபிர்மீனோ, விடுதலையாகி, பிரேசிலிலிருந்து லாகோஸ் நகரத்துக்குத் திரும்பியபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நகரம் வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. அவரைப் போலத் திரும்பி வந்தவர்கள் குடியிருந்த தெருவில்தான் குரு ஜசிந்தா அம்மாளும் இருந்தார். அவரும் அடிமையாக இருந்து மீண்டவர்.

ஒரு மத்தியானம் ஃபிர்மீனோ வந்து குருவின் முன்னால் உட்கார்ந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

“அக்கா கிடைத்தாளா?”

“கிடைத்தாள், அம்மா. சந்தையில் பயற்று வடை சுடுகிறாள். எங்கள் குடும்ப அடையாளமாகக் குழந்தையிலேயே கன்னத்தில் போட்ட கீறல்கள் அப்படியே இருக்கின்றன.”

“உன் கன்னத்திலும் இருக்குமே. அவள் பார்க்கவில்லையா?”

ஃபிர்மீனோ தாடியைத் தடவிக்கொண்டார். அந்தக் கீறல்களை மறைக்கத்தான் பிரேசிலில் அதை வளர்த்தார்.

“சரி. விழுந்து கும்பிட்டாயா?”

மூத்தவளைக் கண்டால் தம்பி மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது. ஃபிர்மீனோ அதை மறக்கவில்லை. மறந்திருந்தால் தேவலை.

“தரையெல்லாம் மீன் கழுவிய சேறு. நான் போட்டிருந்ததோ வெள்ளைக் கோட்டு. கையை நீட்டினேன், குலுக்குவதற்கு.”

“அவள்?”

“அவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நீட்டிய கையில் ஒரு வடையை வைத்தாள். ‘பசியாக்கும், தின்னுங்க துரை’ என்றாள். பக்கத்துக் கடைக்காரி, ‘கறுப்புத் துரையும் கையேந்த ஆரம்பிச்சாச்சா’ என்றாள். சந்தையே சிரித்தது. உன் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்துவிட்டேன்.”

“வடை?”

ஃபிர்மீனோ கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார். எண்ணெய் கைக்குட்டையைத் தாண்டி, பையைத் தாண்டி, வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது.

“எறியவும் மனசில்லை. தின்னவும் கூச்சம்.”

குரு வடையைப் பிட்டுப் பாதியை வாயில் போட்டுக்கொண்டார். மறுபாதியை அவரிடம் நீட்டினார். ஃபிர்மீனோ தின்றார்.

“அங்கே என்னை ஆப்பிரிக்கன் என்றார்கள். இங்கே துரை என்கிறார்கள். நான் யார், அம்மா?”

“உப்பு கொஞ்சம் தூக்கல்,” என்றார் குரு. பிறகு சீடரின் கோட்டைப் பார்த்தார்.

“சந்தை கலைவதற்குள் போ. கோட்டுதான் ஏற்கெனவே கறையாகிவிட்டதே.”