ஒரு சொட்டு டீசல்

காவி இல்லை, தாடி இல்லை, விசிறி வீச ஆளும் இல்லை. ஊட்டிக்கு மேலே ஒரு மலைக்கிராமத்து ஆஸ்பத்திரியின் பின்பக்க ஷெட்டில், ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்ற கெமிஸ்ட்ரி டீச்சர் ஜெபமணிதான் இந்தக் கதையில் குரு. வயது நாற்பத்தொன்று. சீடர் பெள்ளனுக்கு அறுபத்திரண்டு. சிரிக்காதீர்கள். தெரியாததைக் கேட்க வந்தவனிடம் யார் வயசைக் கேட்பார்கள்?

பெள்ளன் முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர். ரிட்டையர் ஆனதும் டீச்சரிடம் வந்து சேர்ந்தார். ஹாஸ்டல்களிலும் பேக்கரிகளிலும் பொரித்து மிஞ்சிய பாமாயிலை வாங்கிவந்து, காய்ச்சி, வடித்து, பயோடீசலாக மாற்றக் கற்றுக்கொண்டார். அதை ஊற்றித்தான் ஆஸ்பத்திரி வேன் ஓடியது. விடியுமுன்னே ஊர் ஊராகப் போய், டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர்களை ஏற்றி வருகிற வேன்.

கற்றுக்கொடுக்கும்போதே டீச்சர் சொல்லியிருந்தார்.

"மார்கழி பொறந்துட்டா இதை அப்படியே ஊத்தாதீங்கண்ணே. பாமாயில் குளிர் தாங்காது. டீசலோட கலந்துதான் ஊத்தணும்."

"டீசலா? ஒரு சொட்டு சேர விடமாட்டேன் டீச்சர்."

தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்கிற ரகம்தான் மனுஷன். ஆனால் இதில் வெறும் பிடிவாதம் மட்டும் இல்லை. அவர் மனைவி மாசி இருபது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டீ போட்டு விற்றவள். பஸ்கள் கிளம்புகிற இடத்துக்கு நேர் பின்னால் அவள் தள்ளுவண்டி. கடைசியில் நுரையீரல் போய், மூச்சுக்குத் தவித்துத் தவித்துச் செத்தாள். தினமும் காலையில் அவள் முகத்துக்கு முன்னால் முதல் பஸ்ஸைக் கிளப்பியவர் பெள்ளன்தான். அந்தப் புகையில் தன் பங்கு எவ்வளவு என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. இனி ஒரு சொட்டு டீசலைத் தொடமாட்டேன் என்று அவள் குழிமேட்டில் நின்று சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

டீச்சருக்கு இது தெரியும். அதனால் மேலே வற்புறுத்தவில்லை.

தை பிறக்குமுன்னே உறைபனி கொட்டியது. ஒருநாள் விடியற்காலையில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வந்த வேன், பாதி ஏற்றத்தில் திணறி நின்றுவிட்டது. டேங்கில் இருந்த எண்ணெய் நெய்யாக உறைந்து, ஃபில்டரை அடைத்துக்கொண்டது.

சேதி கேட்டு பெள்ளன் ஓடினார். குளிரில் எண்ணெய் உறையாமலிருக்கக் கடையில் விற்கிற மருந்து ஒரு பாட்டில் கையில் இருந்தது. மூடியைத் திறந்து மொத்தத்தையும் டேங்கில் கவிழ்த்தார். டிரைவர் ரஃபீக் சாவியைத் திருகினான், திருகினான், ஒன்றும் நடக்கவில்லை.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா, மாமா?" என்றான் அவன். ஆத்திரம்தான், வேறென்ன.

பின்னால் வந்த கேரட் லாரியில் ஆறு பேரையும் மூட்டைகளுக்கு நடுவே ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வந்து சேர மூன்று மணி நேரம் தாமதம். அவர்களில் மாதியம்மா என்ற வயசான பெண்மணிக்கு நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு இழுத்தது. ஆக்சிஜன் வைத்து எப்படியோ காப்பாற்றினார்கள்.

"நாளை மறுநாள் இவங்க திரும்பவும் வரணும். அன்னைக்கும் வண்டி நின்னா என்னை ஒண்ணும் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

பெள்ளன் ஷெட்டுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மருந்து ஊத்துனேனே டீச்சர். ஏன் வேலை செய்யல?"

டீச்சர் மூன்று கண்ணாடி பாட்டில்களைக் கழுவித் துடைத்து வைத்தார். முதல் இரண்டிலும் பெள்ளனின் எண்ணெயை ஊற்றினார். மூன்றாவதற்கு அதே எண்ணெயை வெதுவெதுப்பாகச் சுட வைத்தார்.

"இதுல ஒரு பங்கு உங்க எண்ணெய். நாலு பங்கு டீசல் ஊத்துங்கண்ணே."

பெள்ளன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

டீச்சர் தானே ஊற்றினார். சூடு ஆறுமுன் மருந்தையும் விட்டுக் கலக்கினார். மூன்றையும் கொண்டுபோய் தகரக் கூரைமேல் வைத்தார்.

"காலைல வாங்க. ரெண்டாவது பாட்டில்ல மருந்தை அப்ப நீங்க ஊத்துங்க."

விடிந்தபோது கூரை வெள்ளை வெளேரென்று இருந்தது. பெள்ளன் முதல் பாட்டிலைச் சாய்த்தார். அசையவில்லை. இரண்டாவதில் மருந்தை ஊற்றினார். அது கல்லில் பெய்த மழையாக மேலேயே நின்றது. மூன்றாவதைப் பயந்து பயந்து சாய்த்தார். எண்ணெய் கழுத்துவரை ஓடி வந்தது.

"ஓடுது. ஆனா கலங்கலா இருக்கே டீச்சர். இதுவும் உறைஞ்சுதானே இருக்கு?"

"குளிர் வந்தா உறையாம எப்படி இருக்கும்? டீசல் சேர்ந்ததால கொஞ்சமா உறையுது, லேட்டா உறையுது. உறையறது ஒண்ணோட ஒண்ணு கூடி வழியை அடைச்சுடாம மருந்து பாத்துக்குது. அவ்வளவுதான். அதையும் சூடு இருக்கும்போதே சேர்க்கணும்."

பெள்ளன் பாட்டிலைக் கீழே வைக்காமல் நின்றார். கண் கலங்கிவிட்டது.

"டீசலைக் கலந்துட்டா, மாசிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

டீச்சர் அந்தப் பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியலண்ணே. உங்க சத்தியத்தை உடைக்கச் சொல்ல நான் யாரு? ஆனா நாளைக்கு மாதியம்மா வரணும்."

அன்று சாயங்காலம் பெள்ளன் டிரம்மைத் தானே சுட வைத்தார். டீசல் கேனைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. வேலை முடிந்து வருகிற மாசியின் சேலையில் அடித்த அதே வாடை. குழந்தை மாதிரி விசும்பி அழுதார். டீச்சர் கிட்டே வரவில்லை, விளக்கைப் பிடித்துக்கொண்டு எட்டவே நின்றார். பெள்ளன் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு பங்குக்கு நாலு பங்கு அளந்து தன் கையாலேயே ஊற்றினார். மருந்தை விட்டார். ஆற விடாமல் கலக்கினார்.

மறுநாள் விடியற்காலையில் ரஃபீக் பக்கத்தில் அவரும் ஏறி உட்கார்ந்தார். முந்தாநாளைவிடப் பனி அதிகம். அந்த ஏற்றம் வந்தபோது ரஃபீக் கியரைக் குறைத்தான். வேன் உறுமிக்கொண்டு ஏறியது. பெள்ளன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். வளைவு தாண்டியதும்தான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பெள்ளன் மாதியம்மாவைக் கைகொடுத்து இறக்கினார். நீலகிரிப் படகர் இன வழக்கப்படி, மூத்தவளின் முன்னால் தலையைத் தாழ்த்தினார். அவள் அவர் உச்சியைத் தொட்டு, "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டு மெல்லப் படி ஏறினாள்.

டீச்சர் ஷெட்டு வாசலில் நின்றிருந்தார். பெள்ளன் அவரிடம் போனார். நேரத்துக்கு வந்து சேர்ந்த சந்தோஷம் முகத்தில் இல்லை.

"வண்டி நிக்கல டீச்சர்."

"பாத்தேண்ணே."

"ஆனா கிளம்பறப்ப பின்னால போய் நின்னு பாத்தேன். புகை வந்துச்சு."

டீச்சர் ஆஸ்பத்திரிப் படியைப் பார்த்தார். பாதிப் படியில் மாதியம்மா கம்பியைப் பிடித்தபடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். விடுகிற ஒவ்வொரு மூச்சும் அந்தக் குளிரில் வெள்ளைப் புகையாக வெளியே வந்து கரைந்தது.

"அங்கேயும்தான் வருதுண்ணே" என்றார் டீச்சர்.