பதினான்காம் எண்

ஆனைமுகத்து ஐயன் எல்லார் இடரையும் களைவான். உடையப்பனின் பட்டறையைக் கண்டால் மட்டும் அவனும் தும்பிக்கையால் முகத்தை மூடிக்கொள்வான் போலும்.

கொன்றையூர்ச் சிவனை அவ்வாண்டு பங்குனி உத்திரத்தன்று காரில் எழுந்தருளச் செய்வதென முடிவாயிற்று. ஜமீன் வாரிசு ஒருவர் கூரையை அறுத்து வேகம் கூட்டிய பழங்கார் அது. எட்டுச் சிலிண்டர், தட்டைத் தலை எஞ்சின். முப்பது ஆண்டுகள் உறங்கிய அந்த எஞ்சினைப் புதுக்கி, உத்திரத்தன்று காலை கோயில் வாசலில் நிறுத்தினால் உடையப்பன் தலையில் பரிவட்டம். தவறினால் அது மாவுமில் சாத்தப்பன் தலையில். சாத்தப்பனின் தலையை நினைத்தபோதெல்லாம் உடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரை எஞ்சின் நிபுணர் ஒருவர் வழிமுறை எழுதி அனுப்பியிருந்தார்: "கழற்றுவதை எல்லாம் எண்ணிட்டு எழுதுங்கள். பூட்டும்போது கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணுக்கு வாருங்கள். வரிசை பிசகினால் எஞ்சின் பாழ்."

உடையப்பனும் அவன் மைத்துனர்கள் வெள்ளையனும் ஆண்டியும் அக்கடிதத்துக்குச் சூடம் காட்டிவிட்டு வேலையில் இறங்கினர். கார் பட்டறைக்குள் நுழையவில்லை, முன்சுவரைப் பிரித்தனர். அது ஒன்று. வியர்த்தது, சட்டைகளைக் கழற்றினர். அது இரண்டு. பிறகு பானெட், ரேடியேட்டர் என்று வளர்ந்தது பட்டியல். கார்புரேட்டருக்குள் ஒரு பல்லி இருந்தது. வெளியே விட்டு, பதினான்கு என்று எழுதினர். அப்புறம் வால்வுகள், பிஸ்டன்கள்.

துரு நீக்கிப் பின்னிருந்து பூட்டிவருகையில், பதினான்கில் வேலை நின்றது.

"பல்லி கம்பெனியிலே வச்சதா, தானா வந்ததா மச்சான்?" என்றான் ஆண்டி.

உடையப்பன் நெடுநேரம் சிந்தித்தான். "அத்தனை வருஷம் உள்ளே இருந்திருக்கு மாப்ளே. வேலை இல்லாமலா இருந்திருக்கும்?"

வேறொரு பல்லியைப் பிடித்து உள்ளே விட்டனர். அது மறுபக்கமாக வெளியேறியதை ஒருவரும் காணவில்லை. எஞ்சினை முடுக்கினர், எட்டுச் சிலிண்டரும் ஒருமித்து ஓங்காரமிட்டன. மூவரும் கண்ணீர் மல்கினர். பின்பு முறைப்படி சட்டைகளை மாட்டிக்கொண்டு, முன்சுவரைக் கட்டி வெள்ளையும் அடித்தனர்.

உத்திரத்தன்று காலை, காருக்கு மாலை சூட்டி ஏறி அமர்ந்த பிறகே, எதிரே சுவர் இருப்பது உடையப்பனுக்குத் தெரிந்தது.

"இடிச்சிரலாமா?" என்றான் ஆண்டி.

"இடிக்கக் கூடாது. நோட்டைப் பார்த்துக் கழற்றணும்."

சுவர் இறங்கியது. வழி திறந்தது. கோயில் மேளம் கேட்டது. உடையப்பன் சாவியில் கை வைத்தான்.

"மச்சான், வரிசை," என்றான் வெள்ளையன், நோட்டைப் புரட்டியபடி. "ஒண்ணு முடிஞ்சுது. ரெண்டு, சட்டை."

உடையப்பன் சாத்தப்பனின் தலையை நினைத்தான். எஞ்சின் பாழாவதையும் நினைத்தான். சட்டையைக் கழற்றினான். பானெட் இறங்கியது. ரேடியேட்டர் இறங்கியது. பதினான்கு வந்தது. உள்ளே பல்லி இல்லை.

"இல்லாததை எப்படி மச்சான் கழற்றுறது?"

"பிடிச்சு உள்ளே போட்டுட்டுக் கழற்றுவோம்."

காருக்காகக் காத்துச் சலித்த குருக்கள், சுவாமியைத் தோளில் ஏற்றச் சொல்லிவிட்டு, பரிவட்டத்தோடு பட்டறைக்கே வந்து சேர்ந்தார். பின்னால் சாத்தப்பன், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி வந்திருந்தார்.

"கடைசியாகக் கேட்கிறேன். கார் வருமா, வராதா?" என்றார் குருக்கள்.

உடையப்பன் கைகளைக் குவித்தபடி மெல்ல மெல்ல அவரை நெருங்கினான்.

"வந்துரும் சாமி. நீங்க மட்டும் அசையாதீங்க. பதினாலாம் நம்பர் உங்க தோள்மேலே உட்கார்ந்திருக்கு."