பிரிக்காத பொட்டலம்

ஏரியை ஒட்டிய ஒரு காட்டில் குட்டிகளுக்கென்று ஒரு பள்ளி நடந்தது. அக்கரைத் தோப்பில் நல்ல பழமும் உண்டு, தின்றால் புத்தி கலங்கும் ஊமத்தங்காயும் உண்டு. அதனால் குட்டிகள் அக்கரைக்குப் போகக் கூடாது என்பது தலைமையாசிரியை யானையின் சட்டம். வேண்டியதைக் கூழைக்கடாவிடம் சொன்னால், அது பறந்து போய் அலகுப் பையில் கொண்டுவரும்.

கூழைக்கடா நேர்மையானது. ஊமத்தங்காய் என்று கேட்டால் அசையாது. ஆனால் அடுத்தவர் கட்டிய பொட்டலத்தைப் பிரிப்பது மரியாதை இல்லை என்று நினைக்கும். குரங்குக்குட்டி இதைக் கவனித்தது.

"அக்கா, அக்கரையில் நரி மாமா ஒரு பொட்டலம் தருவார். வாங்கி வருகிறீர்களா?"

"நரியிடம் வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. சரி."

தேக்கிலைப் பொட்டலம் வந்தது. உள்ளே ஊமத்தங்காய். குரங்கு அதை மான்குட்டியிடம் நீட்டியது.

"நீ தின்று காட்டு. பயந்தாங்கொள்ளி என்று இனிச் சொல்லமாட்டேன்."

மான்குட்டி தின்றது. தண்ணீரைப் புல்வெளி என்று நினைத்து ஏரிக்குள் நடந்தது. யானை துதிக்கையால் இழுத்திராவிட்டால் மூழ்கியிருக்கும்.

"இனி நரியிடம் எதுவும் வாங்காதே" என்று கூழைக்கடாவிடம் சொன்னது யானை.

குரங்கு அடுத்ததாகக் கீரி அண்ணனின் பொட்டலத்தைக் கேட்டது. யானை கீரியிடம் வாங்குவதையும் தடுத்தது. பிறகு உடும்புச் சித்தப்பாவின் பொட்டலம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் மான்குட்டிதான் முதலில் ஓடிவந்தது. அந்த மயக்கம் அதற்குப் பழகிவிட்டது.

தாய்மான் வந்து நின்றது. "என் பிள்ளை பால் குடிப்பதில்லை. கூப்பிட்டால் திரும்புவதுமில்லை."

"இன்னும் யார் யாரைத்தான் தடுப்பது?" என்றது யானை.

"காட்டில் பெயருக்கா பஞ்சம்? தப்பு என்னுடையது, அம்மா" என்றது கூழைக்கடா.

மறுநாள் அக்கரையில் முள்ளம்பன்றி ஒரு பொட்டலத்தோடு காத்திருந்தது.

"பிரித்துக் காட்டுங்கள்" என்றது கூழைக்கடா.

"அடுத்தவர் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்கிறாயே, மரியாதை தெரியாதா?"

"தெரியும். அந்த மரியாதையால்தான் ஒரு குட்டி ஏரிக்குள் இறங்கியது."

முள்ளம்பன்றி பொட்டலத்தை இறுக்கிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

இக்கரையில் மான்குட்டி காத்திருந்தது. கூழைக்கடா தன் பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து வைத்தது. குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூழைக்கடா கோபிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. வெயில் சாயும் நேரத்தில், பசி தாங்காமல், குட்டி ஒரு கடி கடித்தது.

நீதி: கொடுப்பவர் பெயரை மட்டும் கேட்பது காவல் ஆகாது, கொடுப்பது என்ன என்று பார்ப்பதே காவல்.