டேப்பில் இறங்கிய ஆரஞ்சு

ஊசிப்பாளையத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினார்கள். ஆரம்பித்த நாளிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த ஒரே வேலை, ஜிலேபிக் கடை நல்லசிவத்துக்கு, வீட்டிலிருந்தே ஆர்டர் போடுகிற மாதிரி ஓர் ஆப். அதுவும் கைவிட்டுப் போனால் ஆபீஸைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர்கள் நீட்டிய டேப்லெட்டில் ஆப்பைத் திறந்து பார்த்த நல்லசிவம் முகம் சுளித்தார். திரை மேலே வெளிர் மஞ்சளாக ஆரம்பித்து, கீழே வரவர அடர் ஆரஞ்சாகியிருந்தது.

"இந்தக் கிரேடியன்ட் எல்லாம் எனக்கு வேண்டாமுங்க. மேலயும் கீழயும் ஒரே கலரா இருக்கோணும். நாளைக்குக் காலைல வருவேன். சரியில்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று சொல்லி, டேப்பை வைத்துவிட்டுப் போனார்.

மாற்றுவதற்குப் புரோகிராமில் ஒரு வரி போதும். ஆனால் காரணம் தெரியாமல் கை வைக்கிற ஆட்களா நம்மவர்கள்? கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"மேல ஏன் வெளுத்துச்சு?" என்று கேட்டார் முதலாளி குழந்தைவேலு.

"டேப்பை நிக்க வெச்சே வேலை செஞ்சோமில்லீங்ணா, கலரெல்லாம் அடியில இறங்கிருச்சு" என்றாள் டிசைனர் பூங்கோதை.

புரோகிராமர் அர்ச்சுனன் எதையும் சோதிக்காமல் நம்பமாட்டான். டேப்பைத் தலைகீழாகத் திருப்பினான். திரை தானாகச் சுழன்று, ஆரஞ்சு மறுபடியும் கீழே வந்து நின்றது. பக்கவாட்டில் திருப்பினான். அப்போதும் கீழேதான்.

"ஐயோ, எப்படி ஓடுது பாருங்க!" என்று அலறினான்.

"ஏம்மா, இவ்வளவு தண்ணியாவா கலக்குவ?" என்று குழந்தைவேலு பாய்ந்தார்.

பூங்கோதை அழுதேவிட்டாள். "கெட்டியாத்தானுங்ணா போட்டேன். வெயிலுக்கு இளகிருச்சு."

அப்படியானால் உறைய வைப்பதுதான் வழி என்று ஏகமனதாக முடிவானது. டேப்பை நன்றாகக் குலுக்கி, மல்லாக்கப் படுக்க வைத்து, ஃப்ரீஸரில் வைத்து மூடினார்கள்.

காலையில் எடுத்தால், திரை முழுக்க ஒரே கறுப்பு. நிமிர்த்தினார்கள், கவிழ்த்தார்கள். இம்மியும் அசையவில்லை. மூவருக்கும் உயிர் வந்தது.

நல்லசிவம் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே கலரா வந்துருச்சு, சந்தோசம். ஆனா ஏனுங்க கறுப்பு?"

"எடுக்கறதுக்குக் கொஞ்சம் நேரமாயிருச்சுங்க" என்றார் குழந்தைவேலு.

ஜிலேபி போடுகிறவருக்கா பதம் தெரியாது? "நமக்கும் சில நாள் பாகு தப்பிப்போகுதில்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்லி, வேலையை அவர்களுக்கே கொடுத்தார்.

ஆப் வெளியானது. முதல் திரையிலேயே எழுதியிருந்தது: 'கலர் ஒழுகாமலிருக்க, போனை ஃப்ரீஸரில் வைத்துவிட்டுப் பயன்படுத்தவும்.' ஊசிப்பாளையத்துக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். அத்தனை பேரும் போனை உள்ளே வைத்தார்கள். உறைகிற வரை சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று கடைக்கு நடந்தே போய் ஜிலேபி வாங்கித் தின்றார்கள்.

நல்லசிவம் பூரித்துப் போனார். "ஆப் வந்ததும் பாருங்க, கடையில நிக்க இடமில்ல! பக்கோடாவுக்கும் ஒண்ணு போடச் சொல்லோணும்."