கட்டைவிரல் வருகிற வரைக்கும்

குப்பண்ணன் வெளி மாநிலம் போகிற லாங் லாரி ஓட்டப் பழக வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பழக்கிவிட்ட மயில்சாமிக்கு முப்பத்தொன்பது. வாத்தியாரை விடச் சீடருக்கு நரை ஜாஸ்தி. இவர் அவரை "வாத்தியாரே" என்பார், அவர் இவரை "அண்ணா" என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

குப்பண்ணன் போர்வெல் வண்டி வைத்து நொடித்துப்போனவர். கையில் மிஞ்சியது ஹெவி லைசென்ஸ் ஒன்றுதான்.

நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இந்த நடை நல்லபடியாக முடிந்தால் அடுத்த நடையிலிருந்து குப்பண்ணனுக்குத் தனி வண்டி. முதலாளி சரி என்று சொல்லிவிட்டார். மயில்சாமி தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

காலை பத்து மணிக்கு வண்டி தர்மபுரி தாண்டியது. முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. குப்பண்ணன் பிரேக்கை மிதித்தார். மிதித்தாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி பஸ்ஸுக்கு ஒரு முழம் பின்னால் நின்ற பிறகுதான், மிதித்திருக்கிறோம் என்று தெரிந்தது.

வலது கால் தொடைக்குக் கீழே மரத்துக் கிடந்தது. சித்ரதுர்கா பக்கம் ஆரம்பித்த வினை. அப்போதே இறங்கி நடந்திருக்கலாம். இறங்கினால் வாத்தியார் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் வண்டி போச்சு. இந்த வயதில் இவரைக் கூப்பிட்டு இன்னொருவன் எவன் வண்டி கொடுப்பான்?

இன்னும் கொஞ்ச தூரத்தில் தொப்பூர் கணவாய். நீள இறக்கம். பாரம் பின்னாலிருந்து தள்ளும், பிரேக்கைத் தவிர வேறு துணை கிடையாது. குப்பண்ணன் பக்கத்து சீட்டில் இருந்த மயில்சாமியைப் பார்த்தார்.

"வாத்தியாரே..."

"சொல்லுங்ணா."

"நம்ம கூட்டாளி ஒருத்தன். வண்டியில உக்காந்தா காலு மரத்துப்போவுதாம் அவனுக்கு. என்னங்க பண்றது?"

மயில்சாமி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரே மூச்சுல எத்தன மணி நேரம் உக்கார்றாரு?"

"ஆறு... ஏழு இருக்குமுங்க."

"நடுவுல எறங்க மாட்டாரா?"

"எறங்குனா நேரம் போயிருமில்லீங்க. அதுக்குன்னே தண்ணி கூடக் குடிக்கறதில்ல."

"அடக் கொடுமையே. சீட்டு எப்படிப் போட்டிருக்காரு?"

"நல்லாப் பின்னால தள்ளித்தான். காலை நீட்டிக்கலாம்னு."

"எட்டி எட்டி மிதிச்சா சீட்டு விளிம்பு தொடையை அறுக்காதா? பின்பாக்கெட்டுல பர்ஸு?"

குப்பண்ணனின் கை தன்னால் பின்பாக்கெட்டுக்குப் போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவரைக் கையே காட்டிக் கொடுத்துவிட்டது.

மயில்சாமி கவனிக்காதது போலவே பேசினார்.

"பர்ஸ எடுத்து டேஷ்போர்டுல வைக்கச் சொல்லுங்க. சீட்ட முன்னால இழுத்துப்போடச் சொல்லுங்க. தண்ணி குடிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எறங்கி வண்டியச் சுத்தி நடக்கணும். அது சரி, இப்ப அவருக்குக் காலு எப்படி இருக்குது?"

"இப்ப... இப்ப சரியாயிருச்சுங்க. நல்லா இருக்கான்."

"நல்லா இருக்காரா. அந்தப் புளியமரத்துக்கிட்ட ஓரங்கட்டுங்ணா."

வண்டி நின்றது. குப்பண்ணன் ஹேண்ட் பிரேக் போட்டு இன்ஜினை அணைத்தார். மயில்சாமி இறங்கிச் சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

"கண்ண மூடுங்க."

"எதுக்குங்க?"

"மூடுங்கண்ணா. கால மெதுவாத் தூக்கி பிரேக் மேல வைங்க. அழுத்த வேண்டாம், தொட்டாப் போதும். தொட்டதும் சொல்லுங்க."

குப்பண்ணன் கண்ணை மூடிக் குலசாமியைக் கூப்பிட்டார். தொடையைத் தூக்கியது தெரிந்தது. அதற்குக் கீழே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. செருப்புக்கூட இல்லாத வெறுங்கால்தான்.

"தொட்டாச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"இப்ப?"

வாத்தியாரின் குரல் என்னமோ மாதிரி இருந்தது. குப்பண்ணன் காலைப் பலமாக அழுத்திவிட்டு, குருட்டாம்போக்கில் சொன்னார்.

"தொட்டுட்டனுங்க."

"எதத் தொட்டீங்க?"

"பிரேக்கத்தான்."

"இரும்பாட்டம் இருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"கண்ணத் தொறங்க."

பாதத்துக்கும் பிரேக்குக்கும் நடுவில் மயில்சாமியின் இடது கை நசுங்கிக்கொண்டிருந்தது.

குப்பண்ணன் அலறினார். இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கித்தான் காலை எடுக்க முடிந்தது.

"அய்யோ, பாவி நான் என்ன காரியம் பண்ணிப்போட்டேன்! நீங்க கத்தக் கூடாதுங்களா? ஒரு சத்தம் போட்டிருந்தா எடுத்திருப்பனே!"

"கத்துனாக் காதுக்குத்தான் தெரியும். நான் காலைத்தானுங்ணா கேட்டேன்."

குப்பண்ணன் அழுதுவிட்டார். பேரனைப் பார்த்துவிட்ட மனுஷன், நடுரோட்டில் தேம்பித் தேம்பி அழுதார்.

"கூட்டாளி எவனும் இல்லீங்க. நாந்தான். சொன்னா வண்டி போயிருமேன்னு பயமுங்க."

மயில்சாமியின் விரல்கள் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தன. துண்டை நனைத்துச் சுற்றிக்கொண்டார்.

"இந்தக் கையில கியர் போட முடியாது. இறக்கத்துல நீங்கதான் ஓட்டணும்."

"நானா? இந்தக் காலை வெச்சுக்கிட்டா? வேண்டாமுங்க வாத்தியாரே."

"பின்ன யாரு இருக்கா இங்க? எறங்கி நடங்க."

குப்பண்ணன் லாரியைச் சுற்றி நடந்தார். முதலில் காலை இழுத்து இழுத்து வைத்தார். நாலாவது சுற்றில் தொடையில் எறும்பு ஊர்ந்தது. பத்தாவது சுற்றில் கெண்டைக்காலில் ஊசி குத்தியது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

சேலம் மண்டியிலிருந்து போன் வந்தது. மயில்சாமி எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"காலுக்கு உணர்ச்சி வந்துருச்சுங்களாண்ணா?"

குப்பண்ணன் நின்றார். மண்டியில் காத்துக் கிடக்கிறார்கள். வாத்தியாரின் கைக்கு ஆஸ்பத்திரி பார்க்க வேண்டும். இன்னும் இல்லை என்று சொன்னால் இந்த ஜென்மத்தில் வண்டி கிடையாது. 'வந்துருச்சு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

பாதத்தைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

"இல்லீங்க. கட்டைவிரல் இன்னும் வரல."

மயில்சாமி போனை அணைத்தார். புளியமர நிழலில் கால் நீட்டிப் படுத்து, அடிபட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"நாசிக்குல இருந்து நீங்க ஓட்டறப்ப நான் பொட்டுத் தூக்கம் தூங்கலீங்ணா. கட்டைவிரல் வந்ததும் எழுப்புங்க."