கரிச்சான் பல குரலில் கத்துவது ஏன்?

அந்தக் காலத்தில், பறவைகள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, அத்தனை பறவைகளுக்கும் இருந்தது ஒரே ஆலமரம். அதற்கு அதிபதி மயில். யார் என்ன கத்தினாலும் மயில் சம்மதித்தால்தான் அந்தச் செய்தி அடுத்த கிளைக்குப் போகும். மயிலின் தோகையைப் புகழ்ந்தால் உச்சிக்கிளை வரை போகும். பசி, புழு, பாம்பு என்றால் அங்கேயே நின்றுவிடும். பொறுத்துப் பார்த்த பறவைகள் ஒருநாள் மொத்தமாகக் கிளம்பிவிட்டன.

கிளிகள் நாவல் மரத்துக்கும், தவிட்டுக்குருவிகள் மருத மரத்துக்கும், மைனாக்கள் இலுப்பை மரத்துக்கும் போயின. மரத்துக்கு மரம் தனிச் சட்டம். நாவலில் சுருக்கமாகத்தான் கத்த வேண்டும். மருதத்தில் விடிய விடியப் பேசலாம். இலுப்பையிலோ, கெட்ட செய்தி என்றால் "சொல்லட்டுமா?" என்று முதலில் கேட்க வேண்டும். வல்லூறு வருகிறது என்பதற்கும் ஒவ்வொரு மரத்தில் ஒவ்வொரு சத்தம். எங்கள் சத்தமே சரியான சத்தம் என்று எல்லாரும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்கள். அடுத்த மரத்துச் சத்தத்தைத் திருப்பிச் சொல்வது கேவலமாம்!

கரிச்சான் குருவி இந்த மரங்களுக்கு நடுவில் இருந்த வேல மரத்தில் கூடு கட்டியிருந்தாள். ஒருநாள் வல்லூறு வந்தது. கிளிகள் கத்தின. என்னவோ சண்டை என்று நினைத்து அவள் இரை தேடிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது குஞ்சு இல்லை.

"நாங்கதான் அப்பவே கத்துனோமே!" என்றது கிளி.

"உங்க மரத்துச் சத்தம் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கரிச்சான் அழுதாள். நெடுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி இந்தக் காட்டுல ஒரு குஞ்சுகூடப் போகக் கூடாது. எல்லா மரத்துச் சத்தமும் நான் கத்துக்கப் போறேன்" என்றாள்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? சொந்தக் குரலே போயிடும்டி உனக்கு" என்று சிரித்தது மைனா. கரிச்சான் மரம் மரமாகப் போய் உட்கார்ந்து கேட்டாள். தப்பாகக் கத்தி ஏச்சு வாங்கினாள். மறுபடியும் போனாள்.

அடுத்த மழைக்காலத்தில் வல்லூறு மருத மரத்துக் குஞ்சுகள் மேல் பாய்ந்தது. கரிச்சான் கிளியாகக் கத்தினாள், மைனாவாகக் கத்தினாள், தவிட்டுக்குருவியாகக் கத்தினாள். கத்திக்கொண்டே முதல் ஆளாக வல்லூறின் முதுகில் கொத்தினாள். மூன்று மரத்துப் பறவைகளும் திரண்டு வந்தன. வல்லூறு இரை எதுவும் சிக்காமல் பறந்தோடியது.

குஞ்சுகளை எண்ணிப் பார்த்த தாய்த் தவிட்டுக்குருவிக்கு அழுகை பொங்கியது. "தாயே, இனி எல்லாரும் ஒரே மரத்துல இருப்போம். உன் சத்தம் ஒண்ணே போதும். நீயே தலைவியா இரு."

"வேண்டாம்மா. இன்னிக்கு நான் நல்லவ. நாளைக்கு எனக்கும் தலைக்கனம் வரலாம்" என்றாள் கரிச்சான். "அவங்கவங்க மரத்துல அவங்கவங்க குரல்லயே கத்துங்க. கத்துக்கிற வேலை என்னோடது."

கரிச்சான் இன்றும் பல பறவைகளின் குரலில் கத்துகிறது, தன்னைவிடப் பெரிய வல்லூறைத் துரத்துகிறது. மரத்துக்கு ஒரு பாஷை பேசும் சிறு பறவைகள், கூடு கட்டும் முன் பக்கத்தில் கரிச்சான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அன்று முதல்தான்.