இலை போடாத கொட்டகை

முதல் அநியாயத்தைச் செய்தது கோழிக் கம்பெனி. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் நாச்சிமுத்துவுடையது. செத்த குஞ்சுக்கு மட்டும் அவர் ஒருவரே பொறுப்பு என்றது. இரண்டாவது அநியாயத்தைச் செய்தது ஊர்க்காரர்கள். அவர் முன்னால் நின்று நடத்திய போராட்டத்தைப் பாதியில் விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவதைச் செய்தது அவர் குருவாக ஏற்றுக்கொண்ட அருக்காணி. அதுதான் அவருக்கு ஆறவில்லை.

அருக்காணி அவரைவிட இளையவர். கால்நடைகளுக்கு மூலிகை வைத்தியம் பார்ப்பவர். கீழாநெல்லி, முருங்கையிலை, மஞ்சள், பூண்டு எல்லாம் காயவைத்து அரைத்துத் தீவனத்தில் கலந்தால் கறிக்கோழி நோய் தாங்கும், நன்றாகத் தேறும் என்று கற்றுக்கொடுத்தார். வெளிப்பொடி கலக்கக் கம்பெனி விடவில்லை. மன்றாடிய பிறகு ஒரே ஒரு முறை செய்து காட்டச் சொன்னது. தேறினால் ஊரே கலந்துகொள்ளலாம். தவறினால் இனி அந்தப் பேச்சே கூடாது.

ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள் இரண்டு கொட்டகைகளில் இறங்கின. தன் கையால் அரைத்த பொடி மூட்டையைத் தோளில் சுமந்து வந்தார் நாச்சிமுத்து. அருக்காணி அதை வாங்கி, பக்கத்துக் கொட்டகைக்காரன் பொன்னுசாமியிடம் கொடுத்துவிட்டார்.

"உங்க கொட்டகைக்கு இலை இல்லீங்கண்ணா."

"அரைச்சது நானு, அம்மணி!"

"தெரியும்."

"இவன் முதல் ஆளா ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டவன்."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னைய ஒதுக்கறீங்க?"

"எடை போடற அன்னைக்குச் சொல்றனுங்க."

நாச்சிமுத்து கம்பெனி தீவனத்தை மட்டும் வேளை தவறாமல் போட்டார். கோழிகளுக்குக் கழிச்சல் கண்டது. தரையில் பரப்பிய தேங்காய் நார் ஈரமாகிக்கொண்டே இருந்தது. அள்ளி அள்ளி மாற்றினார். பக்கத்துக் கொட்டகையின் இரைச்சல் நாளுக்கு நாள் கூடியது.

பொன்னுசாமி வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தான். "ஏனுங்ணா, ஒரு கைப்பிடி பொடி தரட்டுங்களா? யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பன்டா" என்றார் நாச்சிமுத்து.

எடை நாள் வந்தது. எந்தக் கொட்டகை எடையில் முந்துகிறதோ, அதன் சொந்தக்காரர் பெயரை ஊரைக் கூட்டி முதலில் வாசிப்பது அங்கே வழக்கம். பொன்னுசாமியின் கோழிகள் தராசை இழுத்தன.

கம்பெனி மேற்பார்வையாளர் தினகரன் உதட்டைப் பிதுக்கினார். "குஞ்சு நல்ல குஞ்சு. இலை இல்லாட்டியும் இப்படித்தான் வந்திருக்கும்."

"அப்படீங்களா? அடுத்த கொட்டகையையும் போடுங்க" என்றார் அருக்காணி.

போட்டார்கள். எடை குறைவு. சாவு அதிகம். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நாச்சிமுத்து தலை குனியவில்லை.

"அதே குஞ்சு, அதே தீவனம், அதே கிணத்துத் தண்ணி" என்றார் அருக்காணி. "இலை மட்டுந்தான் இல்லை. இவர் வேணும்னே பட்டினி போட்டாருன்னு சொல்வீங்களா?"

தினகரன் நாச்சிமுத்து பக்கம் திரும்பினார். கம்பெனி வாசலில் மறியல் செய்தபோது அவரைப் போலீசில் பிடித்துக் கொடுத்தவரே தினகரன்தான்.

"வேற யாரு கொட்டகையா இருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றார். "இந்த ஆளு எங்களைத் திட்டியிருக்காரு. பொய் சொன்னதில்லை. கலந்துக்கங்க."

கூட்டம் ஆரவாரித்தது. நாச்சிமுத்து மட்டும் அசையவில்லை.

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை, அம்மணி."

அருக்காணி எடைச் சீட்டைக் கையில் வாங்கினார். பொன்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டு முன்னால் வந்து நின்றான்.

அருக்காணி அவனைத் தாண்டி ஊரைப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"முதல் பேரு, சென்னியப்பன் மகன் நாச்சிமுத்து."